இளையவள் முதலில் சொல்ல வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மற்ற வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவார்கள், யார் தொண்டை பெரிதோ அவர் சொன்னபடி நடக்கும், அத்தோடு முடிந்தது. இங்கே மாமனார் வைத்த சட்டம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆலயம் போய் வந்து சாப்பிட்டு முடித்ததும் அவர் விஷயத்தை எடுத்து வைப்பார். அடுத்த ஞாயிறு வரை அவரவர் தனியாக ஜெபிக்க வேண்டும். அதைப் பற்றி ஒருத்தரோடு ஒருத்தர் மூச்சு விடக் கூடாது. மறு ஞாயிறு அதே சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவராகத் தனக்கு என்ன உணர்த்தப்பட்டது என்று சொல்ல வேண்டும். அதிலும் வயதில் இளையவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

"பெரியவங்க முதல்ல சொன்னா சின்னவங்க அதையே பிடிச்சுத் தொங்குவாங்க" என்பார் மாமா.

நான்தான் இளையவள். அடுத்தது என் வீட்டுக்காரர். அதற்கு அடுத்தது அவருடைய அக்கா, என் நாத்தனார். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார், ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தவறாமல் இங்கேதான். கடைசியாக மாமா. மாமியார் இருந்தபோது மாமாவுக்கு முன்னால் அவர் சொல்வார்.

எங்களுக்கு லாண்டரி. கீழே கடை, மேலே வீடு. என் வீட்டுக்காரர் முன்னால் நின்று துணி வாங்கிக் கொடுப்பார், நான் இஸ்திரி மேஜை. கடையை ஆரம்பித்த மாமா எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிட்டார், கறை எடுக்கிற மேஜையை மட்டும் விடவில்லை. மை, எண்ணெய், ரத்தம், மெழுகு, எதுவானாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை பார்ப்பார், அப்புறம்தான் கை வைப்பார். அவசரப்பட்டுத் தேய்த்தால் கறை உள்ளே போய் உட்கார்ந்துவிடும் என்று என்னைத் திட்டியிருக்கிறார். என் சுபாவம் அப்படி. எனக்கு எல்லாம் உடனே ஆக வேண்டும்.

ஜெபத்திலும் அதே கதைதான். மாமா விஷயம் கொடுத்ததும் நானும் கட்டில் ஓரமாக முழங்காலில் நிற்பேன். கண்ணை மூடினால் நாளைக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணக் கோட்டு வந்து நிற்கும். அதற்கு அப்புறம் தூக்கம். வாரக் கடைசியில் மாமாவின் முகத்தைப் பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஞாயிறு மத்தியானம் நல்ல பிள்ளையாக அதைச் சொல்லிவிடுவேன். "சமாதானம் இருக்கு மாமா" என்றால் ஆண்டவர் சரி என்கிறார். "சமாதானம் இல்ல மாமா" என்றால் வேண்டாம் என்கிறார். அதற்கு மேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. உள்ளத்தில் சமாதானம் இல்லை என்று ஒருத்தி சொன்ன பிறகு யார்தான் என்ன கேட்க முடியும்!

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"டீச்சரைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு இருக்கேன்."

நாத்தனாருக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் காலித் தட்டில் எதையோ தேட ஆரம்பித்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எந்த டீச்சர் மாமா?" என்று கேட்டேன். ஏதோ ஊரில் பத்து டீச்சர் அவருக்காக வரிசையில் நிற்கிற மாதிரி.

எந்த டீச்சர் என்று எனக்குத் தெரியாதா? ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. பாடகர் குழுவின் அங்கிகளை எங்கள் கடைக்குக் கொண்டுவருவது அவர்தான். அங்கியில் மெழுகுவர்த்தி சொட்டியிருக்கும். மாமா அதன் மேல் காகிதத்தை வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி மெழுகை உறிஞ்ச வைப்பார், டீச்சர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். மெழுகு எடுப்பதில் இந்த அம்மாவுக்கு இவ்வளவு ஆர்வமா என்று நான்கூட நினைத்தேன். என்னத்தைக் கண்டேன் நான்!

"அவங்ககிட்ட கேட்டுட்டேன்" என்றார் மாமா. "உங்க பிள்ளைங்க ஜெபிச்சு என்ன சொல்றாங்களோ பாத்துட்டுப் பேசுவோம்னு சொல்லிட்டாங்க. அதனால ஜெபம் பண்ணுங்க. எனக்காகப் பாக்காதீங்க. உள்ளதச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பாத்திரத்தை ஒதுக்கினோம்.

சட்டம் மறுநாள் காலையிலேயே உடைந்தது. மாமா பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். அதை எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, நாத்தனார் கடைக்குள் நுழைந்து, நேராகக் கோட்டுகள் தொங்குகிற கம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு எங்களைக் கையால் கூப்பிட்டார்.

"அப்பாவுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பேத்தியைக் கட்டிக்குடுக்குற வயசுல மாப்பிள்ளையா?"

"சபையில தலைகாட்ட முடியாதுக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அம்மா படம் மாட்டியிருக்கிற வீட்டுல அவங்களக் கொண்டுவந்து எப்படிடா உக்கார வைப்பே?" நாத்தனாருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். உடனே துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நாளைக்கு அந்தம்மா படுத்துட்டா யாரு பாக்குறது? நீதான் பாக்கணும்."

நானும் தலையாட்டினேன். ஊர் என்ன சொல்லும், மாமியாரை மறந்தாயிற்றா என்றெல்லாம் என் பங்குக்கு அடுக்கினேன். ஒன்றும் உண்மை இல்லை. உண்மையான காரணத்தை அவர்களிடம்கூட நான் சொல்லவில்லை. மாமியார் இருந்தவரை அந்த அடுப்படியில் உப்பு டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பதுகூட என் இஷ்டம் இல்லை. அவர் போன பிறகுதான் அது என் கைக்கு வந்தது. அதோடு, ஒரு நாள் கடையில் நாலு பேர் நிற்கும்போது டீச்சர் நான் தேய்த்த அங்கியைத் தூக்கிப் பிடித்து, "மடிப்பு கொஞ்சம் கோணலா விழுந்திருக்கேம்மா" என்றார். இஸ்திரி போட்டே கை காய்த்துப் போன என்னைப் பார்த்து! கோணலாகத்தான் விழுந்திருந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சல்.

"பேசாம எங்களுக்குப் பிடிக்கலப்பான்னு நேராவே சொல்லிடலாமா?" என்று என் வீட்டுக்காரர் இழுத்தார்.

"மண்டு" என்றார் நாத்தனார். "பிடிக்கலன்னா ஏன்னு கேப்பார். ஏன்னு கேட்டா பதில் சொல்லணும். சமாதானம் இல்லன்னு சொல்லு, ஒரு கேள்வி கேக்க மாட்டார்." என் பக்கம் திரும்பினார். "நீதான் முதல்ல சொல்லணும். சொதப்பிடாத."

எனக்கு அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சிரிப்புக்கூட வந்தது. மூன்று பேரும் கோட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தோம், வாசலில் ஒரு ஆள் திரைச்சீலை மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க மாமா காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. உபவாசம். துவைத்த துணியை எடுத்துக்கொண்டு அவர் அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய தலையணையைப் போட்டு அதன் மேல் முழங்கால். முட்டி வலி உள்ள மனுஷன். எழுந்திருக்கும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு "அப்பா" என்பார், அது வலிக்குச் சொல்வதா ஆண்டவரைச் சொல்வதா தெரியாது. நான் செருப்புச் சத்தம் கேட்காமல் தாண்டிப் போவேன்.

ஒரே ஒரு நாள் நானும் முழங்காலில் நின்றேன். நின்ற வேகத்தில் எழுந்துவிட்டேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, கல்யாணக் கோட்டு எதுவும் கண்ணுக்குள் வந்து நிற்கவில்லை. பயம். கேட்டுத் தொலைத்துவிட்டால், ஒருவேளை பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா தலைவாரிச் சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை யாருக்கும். தட்டுகளை எடுத்ததும் என்னைப் பார்த்தார்.

"சொல்லும்மா."

"எனக்கு..." நாத்தனார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். "எனக்குச் சமாதானம் இல்ல மாமா."

அவர் முகம் மாறவில்லை. மகனைப் பார்த்தார்.

"எனக்கும்தான்ப்பா. ஜெபிக்க ஜெபிக்க ஒரு பாரமாவே இருந்துச்சு."

பாரமாம்! இவர் அந்த வாரம் பூராவும் குறட்டை விட்டதை நான் அல்லவா கேட்டேன். நாத்தனார் அதற்கும் மேலே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தனக்கும் அதேதான் உணர்த்தப்பட்டது, திரும்பத் திரும்ப உணர்த்தப்பட்டது என்று.

மாமா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கறை எடுக்கிற மருந்து பட்டுப் பட்டு நகமெல்லாம் வெளுத்த கைகள்.

"எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு" என்றார். "ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சுன்னு நினைச்சேன். ஆனா மூணு பேருக்கு ஒண்ணாச் சொல்லிட்டு எனக்கு மட்டும் ஆண்டவர் மாத்திச் சொல்வாரா? என் ஆசையத்தான் நான் அவர் குரல்னு நினைச்சிருக்கேன் போல." தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "சரி, அவர் சித்தம்" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு டீச்சரிடம் சொல்வதற்கு அவரே போனார்.

படியில் அவர் இறங்குகிற சத்தம் அடங்கியதும் நாத்தனார் பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷன். சொன்னா கேட்டுக்குவார்" என்றார். என் வீட்டுக்காரர் போய்ப் படுத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய், சுத்தமாக இருந்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அப்புறம் வந்த நாட்களில்தான் நாங்கள் செய்தது என்ன என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. டீச்சர் அங்கிகளை வாங்க வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. மாமா உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை.

"எங்க மகன் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்றார் டீச்சர். "அவனோட போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். இந்த வாரக் கடைசியில வண்டி கொண்டு வர்றான்."

நான் அங்கிகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தொட்டார்.

"நீங்க எல்லாரும் ஒரு வாரம் ஜெபிச்சீங்களாமே. உங்க மாமா சொன்னார். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைங்க இதெல்லாம் பண்ணுது? ரொம்ப நன்றிம்மா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அன்றைக்கு அங்கியில் மடிப்பு கோணலா நேரா என்று அவர் பார்க்கவே இல்லை.

மாமா சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். முதல் நாள், தொண்டை சரியில்லை, நீ பண்ணுப்பா என்று மகனிடம் சொன்னார். அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், கடைசியில் ஆமென் மட்டும். அவர் அறையைத் தாண்டிப் போனால் தலையணை கட்டில் மேலேயே இருந்தது. சபையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வேறு ஊர் போகலாமா, நீங்கள் ஜெபித்துச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டார்கள். இவரிடம் அப்படிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. "நீங்களே ஜெபிச்சுப் பாருங்க. என் காதை நம்பாதீங்க" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அன்று மத்தியானம் கடையில் நானும் அவரும்தான். என் வீட்டுக்காரர் ஹோட்டல் துணி எடுக்க வண்டியில் போயிருந்தார். மாமா ஒரு மேஜைவிரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க அத்தைக்கு ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு டாக்டர் கேட்டாரே, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? பண்ணினால் பிழைக்கலாம், மேஜையிலேயே போகவும் போகலாம், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார் டாக்டர். மாமாவுக்கு வேண்டாம் என்று உணர்த்தப்பட்டது. நாங்களும் அதையே சொன்னோம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். வலியோடுதான் இருந்தார் மாமியார், ஆனால் எங்கள் கைக்குள் இருந்து போனார்.

"அன்னைக்கும் இதே மாதிரிதான் எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு" என்றார் மாமா. "இப்ப கேட்டது என் ஆசைன்னா, அன்னைக்குக் கேட்டது என் பயமா இருக்குமோ? பயத்துல நான்தான் அவளைக் கொன்னுட்டேனோன்னு இருக்கும்மா."

தேய்த்துக்கொண்டிருந்த கால்சட்டை கருகுகிற வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன். நாங்கள் அவருக்கு ஒரு கல்யாணம் வேண்டாம் என்றோம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் என்னவெல்லாம் கிளறி எடுத்து வைத்துக்கொண்டு தவிக்கிறார்!

என் வீட்டுக்காரர் வந்ததும் அவரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "சொல்லிடணும்ங்க" என்றேன்.

"இப்பப் போய் சொன்னா மூணு பேரும் பொய்யர்னு ஆயிடும். கொஞ்ச நாள்ல சரியாயிடுவார்."

"பொய்யர்தானே நாம? ஆகுறதுக்கு என்ன இருக்கு?"

அவர் அக்காவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். நாத்தனார் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "உன்னை யாருடி யோக்கியவதி வேஷம் கட்டச் சொன்னது? நீ மாட்டிக்கிறதுனா மாட்டிக்க, என் பேரை இழுக்காத" என்றார். "உங்க பேரை விட்டுட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் மாமா ஒரு வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையில் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"மாமா, நான் ஜெபம் பண்ணல."

"அதுக்கென்ன, சாயங்காலம் பண்ணிக்கோ."

"இன்னைக்கு இல்ல மாமா. டீச்சர் விஷயத்துல."

அவர் கை நின்றது.

"சமாதானம் இல்லன்னு சொன்னியே?"

"ஜெபிச்சிருந்தாத்தானே இருக்கா இல்லையான்னு தெரியும்? நான் கேக்கவே இல்ல. சும்மா சொன்னேன்."

"அவன்?"

"அவரும்தான்."

"பெரியவ?"

"மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டுச் சொன்னோம் மாமா. இங்கதான், இந்தக் கோட்டுக்குப் பின்னாடி நின்னு."

அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். "அதனால உங்களுக்குக் கேட்டது தப்பில்ல மாமா. உங்க காது நல்லாத்தான் இருக்கு. நாங்கதான் பொய் சொன்னோம்." இதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும், பாரம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ராத்திரி முழுக்க மனசைத் தயார் பண்ணியிருந்தேன். அவர் திட்டவில்லை.

"உங்க அத்தை ஆபரேஷனுக்கு ஜெபிச்சியா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஒரு பொய்யால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் இவரிடம் சொன்ன பொய் போதாதா?

"இல்ல மாமா. முழங்கால்ல நின்னேன், தூங்கிட்டேன். உங்க முகத்தைப் பாத்து என்ன சொல்வீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அதையே சொன்னேன். எப்பவும் அப்படித்தான்."

மாமா சட்டையைக் கீழே வைத்தார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆபரேஷன் விஷயத்தில் நான் சொன்னதை அவர் எத்தனை வருஷமாக ஒரு தூணைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப இத்தனை நாளும் நான் ஒருத்தன்தான் முழங்கால்ல நின்னேனா?" என்றார்.

வாசலில் யாரோ வந்து மணியைத் தட்டினார்கள், என் வீட்டுக்காரர் போய்த் துணி வாங்கினார். அவர் காதிலும் எல்லாம் விழுந்திருக்கிறது. முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா எழுந்து கையைக் கழுவினார்.

"வா."

"எங்க மாமா?"

"டீச்சர் வீட்டுக்கு. என்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லு. அவங்களும்தானே இதை நம்பிக்கிட்டு ஊரை விட்டுப் போறாங்க?"

"நீங்க சொல்லுங்களேன் மாமா."

"நான் சொன்னா என் பிள்ளைங்களக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும். நீ சொன்னா நீ சொன்னதா இருக்கும்."

தெருவில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வழக்கமாகச் சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்குப் பிடிக்கவில்லை. தானே நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டிகள் போனதும் கடந்தார். டீச்சர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "போ" என்று தலையை அசைத்தார்.

வீட்டுக்குள் பாதி சாமான் அட்டைப்பெட்டியில் இருந்தது. பழைய ஆர்மோனியம் ஒன்றைப் போர்வையால் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். டீச்சர் ஒரு பெட்டிமேல் இருந்த பாட்டுப் புத்தகங்களை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன், கோட்டுக்குப் பின்னால் நின்றது முதல் ஆபரேஷன்வரை. ஒன்றையும் விடவில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. சாந்தமான அம்மா என்று சபையே சொல்லும். எனக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது, கோபத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

"எங்களுக்கு உங்களைப் பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமேம்மா. நான் உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு சண்டை போட்டிருப்பேன். ஏன் பிடிக்கல, என்கிட்ட என்ன குறைன்னு கேட்டிருப்பேன். நீங்க ஆண்டவரை முன்னாடி நிறுத்திட்டு அவருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டீங்க. அவரோட நான் எப்படிச் சண்டை போடுறது? அதான் வாயைப் பொத்திக்கிட்டு மூட்டை கட்டினேன்."

"தப்புதாங்க."

"சரி, இப்பச் சொல்லு. உனக்கு என்னைப் பிடிக்கலையா?"

தப்பிக்க இடமே இல்லை. "பிடிக்கலங்க" என்றேன். "நீங்க வந்தா அடுப்படி என் கையை விட்டுப் போயிடும்னு பயம். அப்புறம் அந்த மடிப்பு கோணல்னு சொன்னீங்களே..."

"எந்த மடிப்பு?"

அவருக்கு ஞாபகமே இல்லை. இத்தனை நாள் நான் நெஞ்சில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்த விஷயம் அந்த அம்மாவுக்கு ஞாபகம்கூட இல்லை. எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பாரோ, வெளியே போ என்பாரோ தெரியவில்லை.

"எனக்குச் சமையலே வராதும்மா" என்றார் கடைசியில். "உங்க மாமா எங்க?"

"வெளிய நிக்கிறார்."

"வெயில்லயா? உள்ள வரச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். மாமா சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டு உள்ளே போனார். நான் கேட்டருகிலேயே நின்றுவிட்டேன். ஜன்னல் திறந்திருந்தது, டீச்சரின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"மூணு பேரு சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு என்ன கேட்டுச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?"

"சொல்லல."

"இப்பச் சொல்லுங்க. எனக்குக் கேட்டது என்னன்னு நானும் சொல்றேன். அப்புறமா என் மகனுக்குப் போன் பண்ணி வண்டி வேணுமா வேண்டாமான்னு சொல்லுவோம்."

அதற்கு மேல் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அந்த அளவுக்காவது மானம் மிச்சம் இருந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். இந்தக் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கேட்கத்தான் மூடினேன். அப்படிக் கேட்டால்தானே நான் மனுஷி? ஆனால் அந்த வார்த்தை வரவே மாட்டேன் என்றது. ஆண்டவரே, எனக்கு இது பிடிக்கல, இன்னும் பிடிக்கல என்றுதான் வந்தது. தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மாமா வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் பொய் இல்லாமல் செய்த முதல் ஜெபம் அதுதான், அதுவும் இந்த லட்சணத்தில் இருந்தது. தலையை நிமிர்த்த முடியாமல் அப்படியே நின்றேன், மாமா வெளியே வரும்வரை.